பழைய வரைபடத்தோடு மலைக்குக் கிளம்புவது எப்படி? மதுரை வட்டாரத்தில் நடப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து கிளம்பி தேனி, திண்டுக்கல் பக்கத்து மலைகளில் பழைய வரைபடங்களின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் சிறிய குழு எங்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சொந்த ஊரின் வரலாறு தேடுபவர்கள் என்று யார் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

கைபேசியில் மேப் இருக்கும்போது பழைய வரைபடம் எதற்கு?

பெரியகுளத்திலிருந்து கோடைக்கானலுக்குக் கைபேசியில் வழி கேட்டுப் பாருங்கள். வண்டி போகிற சாலையைக் காட்டும். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறுகிற பாதை, சாலை வருவதற்கு வெகு காலம் முன்பே மக்கள் ஏறி இறங்கிய பாதை. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. அதற்கு மரத்தின் தலை தெரியும், மரத்தடியில் ஓடும் ஒற்றையடிப் பாதை தெரியாது. அந்தப் பாதையில் கால் வைத்து நடந்த ஒருவர் வரைந்த படத்தில்தான் அது இருக்கும்.

இன்னொன்று பெயர்கள். ஓடைக்கு ஒரு பெயர், பாறைக்கு ஒரு பெயர், கணவாய்க்கு ஒரு பெயர் என்று பழைய படங்களில் நிறைய எழுதியிருப்பார்கள். ஊர்க்காரரிடம் வழி கேட்கப் பெயர் வேண்டும். அட்சரேகையைச் சொல்லி யாரிடமும் வழி கேட்க முடியாது.

மதுரையைச் சுற்றி இன்னும் தெரியாத இடம் என்று ஏதாவது இருக்கிறதா?

யாருக்குத் தெரியாத இடம் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வருசநாட்டு மலையும் மேகமலைச் சரிவுகளும் பழனிமலையின் தெற்கு இறக்கமும் நமக்குத் தெரியாதவை. அங்கேயே பிறந்து வளர்ந்த பளியர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் ஒவ்வொரு பொடவும் தெரியும். (பாறைக் குகையைத் தேனிப் பக்கம் பொடவு என்பார்கள்.) நாம் கிளம்புவது நமக்குத் தெரியாத நாட்டுக்கு. அவ்வளவுதான்.

எந்தக் காலத்து வரைபடம் உண்மையில் உதவும்?

மிகப் பழையதிலிருந்து வருவோம். இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நிலவியலில் பாண்டியனின் தலைநகராக மதுரை வருகிறது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் அவருடைய கணக்கை வைத்து வரைந்தால் இந்தியத் தீபகற்பமே தட்டையாகிவிடும், இலங்கை அதைவிடப் பெரிதாக நிற்கும். அவர் கப்பல்காரர்களிடமும் வணிகர்களிடமும் கேட்டு எழுதியவர். வழி பார்க்க அது ஆகாது.

அடுத்து, 1606-ல் ராபர்ட் டி நோபிலி வந்து மதுரை மிஷன் தொடங்கிய பிறகு, சேசு சபைப் பாதிரியார்கள் உள்நாட்டில் நடந்தே ஊர் ஊராகப் போனார்கள். அவர்கள் அனுப்பிய விவரங்கள் ஐரோப்பாவில் படம் வரைகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரெஞ்சுக்காரரான தான்வீல் 1752-ல் வெளியிட்ட இந்திய வரைபடத்தில், தனக்குத் தெரியாத இடங்களை வெறுமையாக விட்டார். அவருக்கு முன்னால் பலர் வெற்றிடத்தில் யானையும் மலையுமாக வரைந்து நிரப்புவார்கள். வெற்றிடம் விட்டவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. எழுதிய இடத்தில் அவரை நம்பலாம் என்பதற்கு எழுதாத இடமே சாட்சி.

1782-ல் ஜேம்ஸ் ரென்னல் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடம், பலரும் தந்த வழிக் குறிப்புகளை ஒட்டுப்போட்டுச் செய்தது. தென்பகுதியில் படை நடந்த பாதைகள் அதில் முக்கியம். படை போன பாதையின் இரு பக்கமும் ஊர்கள் நெருக்கமாக இருக்கும். பாதையை விட்டு விலகினால் படம் மெலிந்துவிடும்.

நடப்பவர்களுக்கு உண்மையான பயன் 1802-க்குப் பிறகுதான். அந்த வருடம் ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோட்டை) அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெருக்கி, நாடு முழுவதையும் அளக்கும் வேலை தொடங்கியது. அவருடைய கோணமானி அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே தட்டி நேராக்கினார். நமக்குக் கிடைக்கிற ஒவ்வொரு நல்ல படத்துக்கும் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

அந்த முக்கோணங்களை எலும்புக்கூடாக வைத்து மற்றவர்கள் சதை சேர்த்தார்கள். நம் வட்டாரத்துக்கு முக்கியமானவர் லெப்டினன்ட் பி.எஸ்.வார்டு. 1816 முதல் 1820 வரை கானர் என்ற இன்னொரு அளவையாளருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தவர். 1821-ல் வெள்ளகவியில் தங்கிப் பழனிமலையின் மேல்மட்டத்தை அளந்தார். இன்று கோடைக்கானல் இருக்கும் இடத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டியது 1845-ல். அதற்கு 24 வருடம் முன்னால் வார்டு அங்கே நின்றிருக்கிறார்.

1827 முதல் வெளிவந்த இந்திய அட்லஸ் ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் அளவு. பெரும் பரப்பைப் புரிந்துகொள்ள நல்லது, நடக்க போதாது. நடக்க வேண்டுமென்றால் பிறகு வந்த, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவுத் தாள்களைத் தேடுங்கள்.

அப்படியென்றால் ஒரு பழைய படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எங்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு படத்தை முழுதாக நம்புவதும் தவறு, முழுதாகத் தள்ளுவதும் தவறு. அதை ஒரு மனிதரின் சாட்சியமாகப் பாருங்கள். அவர் எங்கே நடந்தார்? எங்கே உச்சியில் நின்று தூரத்தில் பார்த்தார்? எங்கே யாரோ சொல்லக் கேட்டு எழுதினார்? படத்துக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கும். பிரித்தெடுப்பது நம் வேலை.

முக்கோண அளவையில் உச்சிகள் கோணம் பார்த்து நிறுவப்பட்டவை. அதனால் 19-ஆம் நூற்றாண்டுப் படத்திலும் உச்சி பெரும்பாலும் சரியான இடத்தில் இருக்கும். ஆனால் இரண்டு உச்சிகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்து, கையால் நிரப்பியிருப்பார்கள். ஓடை எந்தப் பக்கம் வளைகிறது, எந்தப் பள்ளம் எங்கே முட்டி நிற்கிறது என்பதில் தவறு வரும். மலையில் உயிரைக் காப்பது இந்தப் பள்ளத்தாக்கு விவரம்தான்.

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒரு பாதையை ஒட்டி ஓடையின் பெயர், மரம், கோயில், தங்குமிடம் என்று நெருக்கமாக எழுத்து இருந்தால் அளந்தவர் அங்கே நடந்திருக்கிறார். ஓடைகள் எல்லாம் ஒரே மாதிரி அழகாக வளைந்து, பெயர் இல்லாமல் இருந்தால் தூரத்திலிருந்து வரைந்திருக்கிறார். ஆரம்பகாலப் படங்களில் உயரக் கோடுகள் கிடையாது. சரிவைக் காட்டச் சிறு சிறு கோடுகளைச் சீப்புப் பல் மாதிரி போட்டிருப்பார்கள். நெருக்கமாக, கறுப்பாக இருந்தால் செங்குத்து என்று பொருள். எவ்வளவு உயரம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

உயரம் தெரியாததன் விலையைப் பெரியாறு சொல்லும். மேற்கே போகும் பெரியாற்றுத் தண்ணீரை மதுரைப் பக்கம் திருப்பலாமா என்று 1789-ல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் ஆராய்ந்து, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். கடைசியில் பென்னிகுவிக் தலைமையில் 1887-ல் பெரியாறு அணை வேலை தொடங்கி 1895-ல் முடிந்தது. நடுவில் மலையைக் குடைந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் போட வேண்டியிருந்தது. இரண்டு ஆறுகள் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். நடுவே எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை மட்டம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நாம் அணை கட்டப் போவதில்லை, ஆனால் ‘படத்தில் இரண்டு அங்குலம்தானே’ என்று நினைத்துக் கிளம்பும் நடையருக்கும் இது பொருந்தும்.

பழைய படத்தின் தீர்க்கரேகை கைபேசியோடு பொருந்தவில்லை. படம் தவறா?

படம் தவறில்லை, தொடங்கிய புள்ளி வேறு. அந்தக் காலத்துத் தென்னிந்தியப் படங்களின் தீர்க்கரேகை சென்னை வானாய்வகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. அட்லஸ் தாள்களில் அதன் தீர்க்கரேகை 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஏறக்குறைய இரண்டரை நிமிடம் குறைவு. மதுரை இருக்கும் அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது சுமார் 1.8 கிலோமீட்டர். ஆக, எல்லாம் நாலரை கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நிற்கும். எல்லாமே ஒரே அளவு தள்ளியிருப்பதால் ஒரே கழித்தலில் சரியாகிவிடும். பிற்காலத் தாள்களில் இந்தப் பிழை போய்விட்டது. ஆனால் அவை எவரெஸ்ட் கோளவுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்துக்கொண்ட ஒரு கணக்கை, அடிப்படையாகக் கொண்டவை. கைபேசி வேறு கணக்கில் ஓடுகிறது. அதனால் நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசம் வரும். சமவெளியில் பரவாயில்லை. மலை முகட்டில் நூறு மீட்டர் என்பது பாதைக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம்.

சரி, எப்படிப் பொருத்துவது? க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தை ஏற்றி, இன்றும் மாறாமல் இருக்கும் புள்ளிகளை இரண்டு படத்திலும் குறித்தால் போதும். எங்களுக்கு நன்றாக உதவியவை மலை உச்சிகள், திருப்பரங்குன்றம், யானைமலை போன்ற தனிப் பாறைகள், பழைய கோயில் கோபுரங்கள், கண்மாய்க் கரைகள். கண்மாய்க்குள் பட்டா போட்டிருந்தாலும் பழைய கரையின் வளைவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆற்றின் கரையையும் சாலைச் சந்திப்பையும் எடுக்காதீர்கள்.

படம் எந்த வருடத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அச்சிட்ட வருடம் ஓரத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அளந்த வருடம். 1930-ல் அச்சான தாளில் இருக்கும் ஒற்றையடிப் பாதை அதற்கு இருபது வருடம் முன்னால் பார்த்ததாக இருக்கலாம். ரயில் பாதையை மட்டும் மேலே சேர்த்து மறுபடி அச்சிடுவார்கள்.

அந்த ரயிலே ஒரு கடிகாரம். மதுரை–போடி பாதை 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, 1950-களில் மறுபடி போட்டார்கள். பாதை இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தாலே ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை நீர்ப்பரப்பு இருந்தால் படம் 1959-க்குப் பிந்தையது. இல்லாவிட்டால், இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாதைகளை அதில் பார்க்கலாம்.

ஊர்ப் பெயர்கள் அடையாளமே தெரியவில்லையே?

பழனிமலையைப் ‘பல்னீஸ்’ என்றும் மேகமலையை ‘ஹை வேவிஸ்’ என்றும் எழுதியிருப்பார்கள். அலை அலையாக எழும் மலை என்பதால் ‘ஹை வேவிஸ்’ என்று பெயர் என்பார்கள். தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அது புழங்குகிறது. கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ஆங்கில எழுத்தை உரக்கச் சொன்னால், பாதிப் பெயர்களுக்குள் இருக்கும் தமிழ்ப்பெயர் காதில் விழுந்துவிடும். மீதிப் பாதிக்கு உள்ளூர்ப் பெரியவர் வேண்டும். பட்டி, கரடு, ஊத்து, கணவாய் போன்ற பின்னொட்டுகளைக் கண்டுபிடித்தாலே முன்பாதி தானாக வந்துவிடும்.

பழைய குறிப்புகளில் ‘காதம்’, ‘நாழிகை வழி’ என்று வருகிறது. எவ்வளவு தூரம்?

நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் நடக்கக்கூடிய தூரம் நாழிகை வழி. ஏழெட்டு நாழிகை வழி ஒரு காதம், ஏறக்குறைய பத்து மைல். மேட்டில் ஏறும் நாழிகை வழி சமவெளியினதைவிடக் குட்டையாக இருக்கும், ஏனென்றால் கணக்கு நேரத்தில்தான். இது குறையில்லை. மலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது என்பேன். ‘அங்கே போக எவ்வளவு கிலோமீட்டர் அய்யா?’ என்று கேட்டால் ஊர்க்காரர் தயங்குவார். ‘காலையில கிளம்பினா எப்ப போய்ச் சேரலாம்?’ என்று கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்.

வரைபடம் இல்லாத காலத்தில் நம் ஆட்கள் எப்படி வழி சொன்னார்கள்?

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். மதுரைக்கு எந்த வழியாகப் போக என்று கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் பதில் சொல்கிறான். கொடும்பாளூர்ப் பக்கத்துக் குளத்தைத் தாண்டினால் பாதை சூலம் போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழியில் போனால் வறண்ட நிலம் தாண்டிச் சிறுமலை தெரியும், அதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போக வேண்டும். இடப்பக்க வழி அழகர்மலையைத் தொட்டுப் போகும். நடு வழியில் காட்டுத் தெய்வம் மயக்கும், கவனம்.

பிரியும் இடம், தூரத்து அடையாளம், அதை எந்தக் கைப் பக்கம் வைத்துக்கொள்வது, எந்த வழியில் என்ன ஆபத்து. ஒரு நல்ல வழிக் குறிப்புக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. இன்று புதுக்கோட்டைப் பக்கமிருந்து மதுரைக்கு வந்தாலும் சிறுமலை வலப்பக்கம்தான் நிற்கிறது. எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களிடம், போய்வந்த பாதையை இந்த மாதிரி நாலு வரியில் எழுதச் சொல்வோம்.

படத்தில் சுனை போட்டிருக்கிறது. தண்ணீர் இருக்கும் என்று நம்பலாமா?

நம்பவே கூடாது. இதைப் பட்டுத்தான் கற்றோம். ஓர் ஏப்ரல் மாதம் சிறுமலைச் சரிவில் ஏறினோம். பழைய ஓர் அங்குலத் தாளில் சுனை குறித்திருந்த இடத்தை மதியம் இரண்டு மணிக்கு அடைந்தோம். இடம் சரியாக இருந்தது, பாறைக் குழியும் இருந்தது, தண்ணீர் இல்லை. ஆறு பேருக்கு இரண்டு லிட்டர் மிச்சம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாதான் ‘அது வைகாசி வரைக்கும் காஞ்சுதான் கெடக்கும், வாங்க’ என்று வேறு ஊற்றுக்குக் கூட்டிப் போனார்.

படம் பொய் சொல்லவில்லை. அளந்தவர் மழைக்குப் பிறகு வந்திருப்பார். இந்திய நில அளவைத் துறையின் தாள்களில், தண்ணீர் இருக்கும் ஓடை நீலத்திலும் வறண்ட ஓடை கறுப்பிலும் இருக்கும். நீலத்தையும் ‘அவர் பார்த்த மாதத்தில் இருந்தது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நாங்கள் படத்துச் சுனையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. முழுநாள் தண்ணீரும் தோளில்தான் வரும்.

இந்தப் படங்கள் எங்கே கிடைக்கும்?

1:50,000 அளவுத் தாள்களை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பழைய எண் முறையில் மதுரை நகரம் 58 கே/1, கோடைக்கானல் 58 எஃப், மேகமலை 58 ஜி வரிசையில் வரும். பழைய தாள்களின் நகல் தேடும்போது இந்த எண் கை கொடுக்கும்.

அதற்கு முந்தையவை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், வெளிநாட்டு நூலகங்களின் இணையத் தொகுப்புகளிலும் கிடைக்கும். 1868-ல் நெல்சனும் 1906-ல் பிரான்சிஸும் மதுரை மாவட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகங்களைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படத்தில் ஒரு கோடாக இருக்கும் பாதைக்கு அங்கே ஒரு பத்தி இருக்கும். மலையடிவாரத்துக்குக் கிராம வரைபடமும் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண் நிலத்துக்குமான அளவுப் படம்) போதும். வண்டிப்பாதை, ஓடைப் புறம்போக்கு எல்லாம் அதில் உண்டு.

பழைய பாதைதானே, அனுமதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். 1821-ல் திறந்து கிடந்த காடு இன்று காப்புக்காடு. மேகமலையும் திருவில்லிபுத்தூர் மலையும் சேர்ந்து 2021-ல் புலிகள் காப்பகமாகிவிட்டன. படத்தில் பாதை இருப்பது நமக்கு உரிமை தராது. வனத்துறை நடக்க அனுமதிக்கும் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு போகலாம். கோடை தொடங்கிய பிறகு புல்மலைப் பக்கம் போகவே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மைப் போல மலையை நேசித்துப் போனவர்கள். அந்தப் பெயரைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

ஊருக்குள் நுழையும்போது ஊர் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளகவியில் செருப்புப் போட மாட்டார்கள். நீங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக என்ன செய்கிறீர்கள்?

மூன்று படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறோம்: பழையது ஒன்று, 1:50,000 தாள் ஒன்று, செயற்கைக்கோள் படம் ஒன்று. மூன்றும் ஒத்துப்போகும் இடத்தைப் பச்சையில் குறிப்போம். பழையதில் மட்டும் இருப்பது மஞ்சள், அங்கே வேகம் பாதி. எதிலும் இல்லாத இடம் சிவப்பு. மதியம் ஒரு மணிக்கு மேல் சிவப்புக்குள் நுழைவதில்லை. திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடமும், அடிவார ஊரின் டீக்கடையிலும் சொல்லிவிட்டுப் போவோம்.

நடந்துவிட்டு வந்த பிறகு?

அன்று ராத்திரியே நகல் தாளில் பென்சிலால் எழுதிவிடுங்கள். தேதி, கிழமை, எங்கே நடந்தோம், எங்கே தூரத்திலிருந்து பார்த்தோம், எதை யார் சொல்லக் கேட்டோம் என்று மூன்றையும் தனித்தனியாக. எங்கள் சிறுமலைத் தாளில் அந்தச் சுனைக்குப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘ஏப்ரல். வறண்டது, நேரில் பார்த்தோம். கிழக்கே முந்நூறு எட்டில் ஆலமரத்தடி ஊற்று, தண்ணீர் இருக்கிறது, குடித்தோம். வைகாசிக்குப் பிறகு மேல் சுனையும் ஊறும், ஆடு மேய்க்கும் பெரியம்மா சொன்னது.’